ஞாயிறுதோறும் ஒரு புதுப்பாடல்

உரைநடை உலகம்

கற்றல் நோக்கங்கள்
• வாழ்க்கை வரலாற்று உரைநடையைப் படித்துப் பொருள் உணர்தல்.
• குறைகளுக்கு இடையிலும் கடமையை நிறைவாகச் செய்யும் பண்பை அறிதல்.
• கற்பித்தலும் வழிபாடும் ஒரே பணியாக அமைந்த ஒரு வாழ்வைப் பற்றிச் சிந்தித்து எழுதுதல்.

நுழையும்முன்
இசைமேதை என்றதும் ஒளி நிறைந்த அரங்கும் கைதட்டும் கூட்டமும் நம் நினைவுக்கு வருகின்றன. உலகம் போற்றும் இசைமேதை ஒருவர் தம் வாழ்வின் கடைசி 27 ஆண்டுகளைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கழித்தார். தூங்கும் மாணவரை எழுப்பினார்; வரிசையில் நிறுத்திப் பாடக் கற்பித்தார்; ஞாயிறுதோறும் அவர்களைத் தேவாலயத்திற்கு அழைத்துச் சென்று பாடவைத்தார். அவரே ஜோஹன் செபாஸ்டியன் பாக். அவருடைய மாணவர் அனைவரும் நன்றாகப் பாடக்கூடியவர் அல்லர். அவர்களைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இசைக்குடும்பம்

ஜெர்மனி நாட்டின் நடுப்பகுதியில் ஐசனாக் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1685ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் பாக் பிறந்தார். பெற்றோருக்கு அவர் எட்டாவது குழந்தை; எல்லாருக்கும் இளையவர். தந்தை அவ்வூரின் இசைக்கலைஞர். தந்தையின் உடன்பிறந்தார், உறவினர் எனக் குடும்பத்தில் பலரும் இசையையே தொழிலாகக் கொண்டவர்கள். கொல்லர் வீட்டுப் பிள்ளை சுத்தியல் ஒலி கேட்டு வளர்வதுபோலப் பாக் இசை கேட்டு வளர்ந்தார்.

அந்த இன்பம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1694இல் தாய் இறந்தார். அடுத்த ஆண்டே தந்தையும் மறைந்தார். பத்து வயது நிறையும் முன்னரே தாய்தந்தையரை இழந்த அச்சிறுவரை, ஓர்ட்ரூஃப் என்னும் ஊரில் ஆர்கன் இசைத்துவந்த மூத்த அண்ணன் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

நிலவொளியில் எழுதிய சுவடி

அண்ணனிடம் சிறந்த இசைச்சுவடி ஒன்று இருந்தது. அக்காலத்துப் பெரும்புலவர்கள் இயற்றிய இசைப்பகுதிகள் அதில் இருந்தன. தம்பி பன்முறை கேட்டும் அண்ணன் அதனைத் தரவில்லை. கம்பித் தட்டியிட்ட அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். வீட்டில் எல்லாரும் உறங்கிய பின் தம்பி தம் சிறிய கையைத் தட்டியின் இடைவெளியில் நுழைப்பார். சுவடியைச் சுருட்டி வெளியே எடுப்பார். விளக்கேற்றினால் அகப்பட்டுக்கொள்ள நேரும். ஆதலால் நிலவொளியிலேயே அதனைப் படியெடுத்தார். முழுவதையும் எழுதி முடிக்க ஆறு திங்கள் ஆயின. செய்தி அறிந்த அண்ணன் அந்தப் படியையும் பறித்துக்கொண்டார்.

பாக் மறைந்தபின் 1754இல் வெளியான இரங்கலுரையில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. ஆசிரியர் இல்லாத நேரத்தில் நல்ல சுவடியே ஆசிரியர் என்பதை அவர் சிறுவயதிலேயே உணர்ந்திருந்தார். சுவடி கைவிட்டுப் போயிற்று. எழுதி எழுதிக் கற்றது போகவில்லை.

இளமையின் வேகம்

பதினெட்டாம் வயதில் ஆர்ன்ஸ்டாட் என்னும் ஊரின் தேவாலயத்தில் ஆர்கன் இசைக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. 1705ஆம் ஆண்டின் இறுதியில் நான்கு வார விடுப்புப் பெற்று, லூபெக் நகரில் வாழ்ந்த பூக்ஸ்டஹூட என்னும் முதுபெரும் இசைஞரைக் கேட்பதற்காக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு நடந்தே சென்றார். விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை. ஏறக்குறைய நான்கு திங்கள் கழித்தே பணிக்கு வந்தார்.

கற்பதில் இவ்வளவு பொறுமை கொண்ட அந்த இளைஞருக்குக் கற்பிப்பதில் பொறுமை இல்லை. ஆர்ன்ஸ்டாட் மாணவர்கள் சரியாக இசைக்கவில்லை என்று சினந்தார். ஒரு மாணவரின் இசைக்கருவியை இழிவாகப் பேசினார். அம்மாணவர் தெருவில் வழிமறித்துத் தடியால் தாக்க, பாக் வாளை உருவினார். உடனிருந்தோர் விலக்கிவிட்டனர். இது குறித்து விசாரித்த திருச்சபை அதிகாரிகள் அவருக்கு ஓர் அறிவுரை கூறினர்: குறைபாடு உடையவரோடுதான் மனிதர் வாழவேண்டும், ஆகவே மாணவரோடு இணங்கிப் பணிசெய்யக் கற்றுக்கொள்க என்பது அதன் கருத்து. இருபது வயது இளைஞருக்கு அவ்வறிவுரை கசந்திருக்கும். ஆயினும் அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அந்த ஒரே பாடத்தைத்தான் அவருக்குக் கற்பித்தது.

மூன்றாம் தெரிவு

ஆர்ன்ஸ்டாட்டுக்குப் பின் மூல்ஹவுசன் தேவாலயம், வைமார் அரண்மனை, கோத்தன் அரண்மனை எனப் பல இடங்களில் பாக் பணியாற்றினார். கோத்தனில் இருந்தபோது, 1720இல், இளவரசருடன் வெளியூர் சென்று திரும்பிய அவருக்கு மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கம் செய்யப்பட்ட செய்தியே காத்திருந்தது. அடுத்த ஆண்டு அன்னா மக்தலேனா என்னும் பாடகியை மணந்தார். இரு மனைவியர் வழியாகவும் அவருக்குப் பிறந்த குழந்தைகள் இருபதின்மர். அவர்களுள் பதின்மரே வளர்ந்து பெரியவர் ஆயினர்.

லைப்சிக் நகரில் புனித தோமா பள்ளி என்னும் பழம்பெரும் பள்ளி இருந்தது. அதன் இசையாசிரியர் 'கான்டர்' எனப்பட்டார். 1722இல் அவ்விடம் காலியானது. நகர மன்றத்தார் முதலில் டெலமன் என்பவரை விரும்பினர், அவர் வரவில்லை. பின்னர்க் கிரௌப்னர் என்பவரை நாடினர். அவரை அவருடைய மன்னர் விடவில்லை. மிகச்சிறந்தவர் கிடைக்காதபோது நடுத்தரமானவரை ஏற்க வேண்டியதுதான் என்று மன்ற உறுப்பினர் ஒருவர் கூறியது பதிவேட்டில் உள்ளது. அவ்வாறு மூன்றாம் தெரிவாக 1723இல் அப்பணிக்கு வந்தவரே பாக். அப்போது அவருக்கு வயது 38.

ஒரு வாரத்தின் பணி

பள்ளி விடுதியில் 55 மாணவர்கள் தங்கிப் படித்தனர். நகரின் நான்கு தேவாலயங்களில் பாடுவதற்கு அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்துப் பயிற்றுவிப்பது கான்டரின் கடமை. திருமணத்திலும் இறுதி ஊர்வலத்திலும் அம்மாணவர்கள் பாடவேண்டும். இலத்தீன் கற்பிப்பதும் அவர் பொறுப்பே. ஆண்டுக்கு 50 தாலர் பணத்தைத் தம் ஊதியத்திலிருந்து கொடுத்து, அந்த வகுப்பை உடனாசிரியர் ஒருவரிடம் பாக் ஒப்படைத்தார். எனினும் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை விடுதிக் கண்காணிப்புப் பணி அவரையே சேர்ந்தது. அந்த வாரத்தில் மாணவரை விடியலில் எழுப்புவதும் உணவு வேளையில் உடனிருப்பதும் இரவில் விளக்கணைந்ததா என்று பார்ப்பதும் அவர் வேலை.

இவற்றுக்கு நடுவே, லைப்சிக்கின் முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு புதிய 'கேன்டாட்டா' இயற்றினார். அன்றைய வேதாகமப் பகுதியின் பொருளை ஒட்டி, பல குரல்களும் கருவிகளும் சேர்ந்து இசைக்கும் தொடர் இசைப்பாடல் கேன்டாட்டா எனப்படும். ஒன்றைப் பாடி முடிக்க ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். வாரத் தொடக்கத்தில் பாக் பாடலை இயற்றுவார். நகலெடுக்கக் கருவி இல்லாத காலம் அது. ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தனித்தனித் தாளில் கையால் எழுதவேண்டும். அன்னா மக்தலேனாவும் பிள்ளைகளும் மாணவர்களும் மேசையைச் சுற்றி அமர்ந்து எழுதுவர். சில தாள்களில் மை உலரும் முன்னரே ஒத்திகை தொடங்கியிருக்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வழிபாடு தொடங்கும். பாடல் ஒலித்து ஓயும். திங்களன்று அடுத்த பாடலுக்கான பணி தொடங்கிவிடும்.

தவக்காலத்தில் தேவாலயங்களில் கேன்டாட்டா பாடுவதில்லை. ஓய்வு எனத் தோன்றும் அவ்வாரங்களில்தான் அவர் பெரிய படைப்புகளை உருவாக்கினார். கிறிஸ்துவின் பாடுகளை இசையாக்கும் 'மத்தேயு பாடுகள்' அவற்றுள் ஒன்று. அது 1727ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று முதன்முதலில் பாடப்பட்டதாக ஆய்வாளர் கருதுவர். இரண்டு பாடகர் குழுக்கள் எதிரெதிரே நின்று வினாவும் விடையுமாகப் பாடும் பேரிசை அது. லைப்சிக் தேவாலயங்களில் அந்நாளில் பெண்கள் பாடகர் குழுவில் இடம்பெறவில்லை. ஆதலின் உச்சக்குரல்களைப் பாடியவர்கள் பள்ளிச் சிறுவர்களே.

பதினேழு, இருபது, பதினேழு

1730ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நகர மன்றத்துக்குப் பாக் ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். நல்ல தேவாலய இசைக்கு என்னென்ன வேண்டும் என்பதை அதில் வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது 12 பாடகர் தேவை. 16 பேர் இருந்தால் நன்று. கருவி இசைப்போர் 18 முதல் 20 பேர் தேவை. இருப்பவரோ எட்டுப் பேர். பின்னர் மாணவரைத் தரம் பிரித்துப் பெயர்ப்பட்டியல் தந்தார். பயன்படக்கூடியவர் 17 பேர். இன்னும் பயிற்சி தேவைப்படுவோர் 20 பேர். பாடவே இயலாதோர் 17 பேர்.

அந்த விண்ணப்பத்தால் பெரிய மாற்றம் ஏதும் நிகழவில்லை. கான்டர் தம் கடமையில் கவனமாக இல்லை என்று குறைகூறிய மன்றம், அவர் வருவாயைக் குறைப்பது பற்றியே பேசியது. வேறு ஊரில் வேலை கிடைக்குமா என்று இளமைக்கால நண்பர் ஒருவருக்கு அவ்வாண்டே அவர் கடிதம் எழுதினார். பின்னர் வந்த தலைமையாசிரியர் ஒருவரோடு, பாடகர் குழுவின் மாணவத் தலைவரை அமர்த்தும் உரிமை யாருக்கு என்பதில் நீண்ட பூசல் நிகழ்ந்தது. பாக் எளிதில் சினம் கொள்பவர்; பிடிவாதம் உடையவர். அதனை அவர் எழுதிய கடிதங்களே காட்டுகின்றன.

ஆயினும் ஒன்றை இங்கு எண்ணிப்பார்த்தல் வேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன்னும் பின்னும் அவர் பள்ளியை விட்டுச் செல்லவில்லை. தகுதியுள்ள 17 பேருக்காகவே அவர் எழுதியிருக்கலாம். எளிய பாடல்களோடு நிறுத்தியும் இருக்கலாம். அவரோ, தாம் பட்டியலிட்ட அதே சிறுவரைப் பழக்கி, அவர்களுடைய ஆற்றலுக்குச் சற்று மேலே நிற்கும் இசையை எழுதினார். வாள் உருவிய இளைஞர் மறைந்து, குறைகளை எண்ணிக் கணக்கிட்ட பின்னும் மறுநாள் வகுப்புக்குச் செல்லும் ஆசிரியர் தோன்றியிருந்தார்.

கற்பித்த முறை

பள்ளிக்கு வெளியே, வீட்டிலும் பலர் பாக்கிடம் பயின்றனர். அவர்தம் மக்களும் மாணவரும் சொன்ன செய்திகளைக் கொண்டு அவருடைய கற்பிக்கும் முறையை ஃபோர்க்கல் என்னும் அறிஞர் 1802இல் வெளியிட்ட வரலாற்றில் விளக்கியுள்ளார்.

முதலில் விரல்கள் தெளிவாகத் தொடுவதற்குரிய பயிற்சியை மட்டுமே பல திங்கள் அளிப்பார். மாணவர் சலிப்படைவதைக் கண்டால், அதே பயிற்சி உள்ளடங்கிய இனிய சிறு பாடல் ஒன்றை உடனே எழுதிக் கொடுப்பார். கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துத் தருவது போன்றது அது. புதிய பாடத்தைத் தொடங்கும்போது முதலில் தாமே அதனை முழுமையாக இசைத்துக்காட்டி, அது எவ்வாறு ஒலிக்கவேண்டும் என்பதை உணர்த்துவார். மூத்த மகன் ஒன்பது வயதுச் சிறுவராக இருந்தபோது, அவருக்கென 1720இல் ஒரு பயிற்சி ஏட்டைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் பியானோ பயில்வோர் இசைக்கும் 'இன்வென்ஷன்' என்னும் சிறு பாடங்களின் முதல் வடிவம் அந்த ஏட்டில்தான் உள்ளது. ஒரு சிறுவருக்காக எழுதிய வீட்டுப்பாடம் 300 ஆண்டுகளாக உலகின் பாடமாக விளங்குகிறது.

ஓரக்குறிப்புகள்

பாக் லூத்தரன் திருச்சபையின் உறுதியான உறுப்பினர். அவர் மறைந்தபோது வீட்டில் இருந்த நூல்களுள் 50க்கும் மேற்பட்டவை சமய நூல்கள். காலோவ் என்னும் அறிஞரின் விளக்கவுரையோடு கூடிய மூன்று தொகுதி வேதாகமம் ஒன்றும் அவரிடம் இருந்தது. அது இன்று அமெரிக்காவில் பாதுகாக்கப்படுகிறது. அதன் பக்கங்களில் அவர் கோடிட்டுள்ளார். விடுபட்ட சொற்களைத் தம் கையால் எழுதிச் சேர்த்துள்ளார். நல்லாசிரியரின் கை அங்கும் திருத்திக்கொண்டே சென்றிருக்கிறது. இரண்டாம் நாளாகமத்தில் பாடகரும் எக்காளம் ஊதுவோரும் ஒரே குரலாய் இசைக்கும் இடத்தின் ஓரத்தில், பக்தியோடு இசைக்கும் இடத்தில் இறைவனின் அருள் எப்போதும் உடனிருக்கிறது என்னும் பொருள்பட எழுதியுள்ளார்.

பல இசைச்சுவடிகளின் தொடக்கத்தில் 'இயேசுவே, உதவும்' என்பதன் சுருக்கத்தையும், முடிவில் 'கடவுள் ஒருவருக்கே மகிமை' என்பதன் சுருக்கத்தையும் எழுதுவது அவர் வழக்கம். பாடகர் குறைவாயினும், மன்றத்தார் பாராட்டாவிடினும், எழுதும் பாடலின் தரத்தை அவர் குறைக்காமைக்குக் காரணம் அந்த இரு சுருக்கங்களில் உள்ளது எனலாம். தம் பாடலைக் கேட்பவர் யார் என்பதில் அவருக்கு ஐயமில்லை.

பள்ளி காத்த செல்வம்

முதுமையில் பாக்கின் கண்பார்வை மங்கியது. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1749இல், அடுத்த கான்டரைத் தேர்வு செய்யும் இசைநிகழ்ச்சியை நகரத்தார் நடத்திவிட்டனர். 1750இல் இருமுறை செய்த கண் அறுவையும் பயன் தரவில்லை. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள், தம் 65ஆம் வயதில் பாக் மறைந்தார். கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. குடியிருந்த பள்ளி வீட்டில் மேலும் ஆறு திங்கள் தங்குவதற்கு இசைவு பெற்ற அன்னா மக்தலேனா, கேன்டாட்டாக்கள் பலவற்றின் பாடகர் தாள்களைப் பள்ளியிடம் ஒப்படைத்தார். பத்தாண்டுகள் கழித்து, பிறர் உதவியை நம்பி வாழும் ஏழையாக அவரும் இறந்தார்.

வெளியுலகம் பாக்கின் தேவாலய இசையை மறக்கத் தொடங்கியது. பள்ளி மறக்கவில்லை. பாக்கிடம் பயின்ற டோலஸ் என்பவர் பின்னாளில் அதே பள்ளியின் கான்டர் ஆனார். 1789இல் மொசார்ட் லைப்சிக் வந்தபோது, டோலஸின் மாணவர்கள் பாக் இயற்றிய பல்குரல் பாடல் ஒன்றைப் பாடினர். மொசார்ட் வியந்து எழுந்தார். பள்ளியில் இத்தகைய பாடல்கள் இன்னும் உள்ளன என்று அறிந்து, அவற்றைக் காட்டுமாறு வேண்டினார். முழுச்சுவடி இல்லை; ஒவ்வொரு குரலுக்கும் உரிய தனித்தாள்களே இருந்தன. அவற்றைத் தம் கைகளிலும் முழங்காலிலும் அருகிலிருந்த நாற்காலிகளிலும் பரப்பிவைத்து, எல்லாவற்றையும் படித்து முடிக்கும் வரை அவர் எழவில்லை.

1829இல் இருபது வயது மெண்டல்சன் பெர்லின் நகரில் 'மத்தேயு பாடுகள்' இசையை மீண்டும் அரங்கேற்றியபின் பாக்கின் புகழ் உலகெங்கும் பரவியது. மூன்றாம் தெரிவாக வந்த பள்ளி ஆசிரியர், மேலை இசையின் முதன்மையானவர்களுள் ஒருவராகப் போற்றப்படலானார். 1950இல் அவருடைய எலும்புகள் அவர் பணியாற்றிய தோமா தேவாலயத்துக்குள் வைக்கப்பட்டன. அங்கே இன்றும் பள்ளி மாணவர்கள் அவர் பாடல்களைப் பாடிவருகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

• பாக் வாழ்ந்த காலத்தில், 1706இல், ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்து தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கும் லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவரே.
• 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களில் உள்ள பொன்முலாம் பூசிய இசைத்தட்டில் பாக்கின் மூன்று இசைப்பகுதிகள் இடம்பெற்றுள்ளன.
• இசையமைப்பாளர் இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பைத் தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார்.

சொல்லும் பொருளும்
ஒத்திகை – முன்பயிற்சி
தெரிவு – தேர்ந்தெடுப்பு
படியெடுத்தல் – பார்த்து எழுதுதல்
பூசல் – சண்டை, கருத்து மோதல்
இசைவு – ஒப்புதல்
தாலர் – பழைய ஜெர்மானிய வெள்ளி நாணயம்

இலக்கணக் குறிப்பு
தாய்தந்தையர் – உம்மைத்தொகை
எழுதி எழுதி – அடுக்குத்தொடர்
உருவிய இளைஞர் – பெயரெச்சத்தொடர்
பரப்பிவைத்து – வினையெச்சம்

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக.
1. நிலவொளி  2. ஆறுதிங்கள்  3. நல்லாசிரியர்  4. ஓரக்குறிப்பு

ஆ. சரியா, தவறா எனக் குறிப்பிடுக. தவறெனில் திருத்தி எழுதுக.
1. நகர மன்றத்தார் முதலில் விரும்பிய இசைஞர் பாக்.
2. பாக்கிடம் பயின்ற டோலஸ் பின்னாளில் தோமா பள்ளியின் கான்டர் ஆனார்.
3. 'மத்தேயு பாடுகள்' இசையைப் பெர்லினில் மீண்டும் அரங்கேற்றியவர் மொசார்ட்.

இ. குறுவினா
1. பாக் நிலவொளியில் சுவடியைப் படியெடுத்தது ஏன்?
2. கேன்டாட்டா என்றால் என்ன?
3. பாக் தம் சுவடிகளின் தொடக்கத்திலும் முடிவிலும் எழுதிய சுருக்கங்களின் பொருள் யாது?

ஈ. சிறுவினா
1. சலிப்படைந்த மாணவருக்குப் பாக் எவ்வாறு கற்பித்தார்?
2. ஆர்ன்ஸ்டாட் அதிகாரிகள் கூறிய அறிவுரையையும் 1730ஆம் ஆண்டு விண்ணப்பத்தையும் தொடர்புபடுத்தி எழுதுக.

உ. நெடுவினா
'வெளியுலகம் மறந்ததைப் பள்ளி காத்தது' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.

கற்பவை கற்றபின்
1. உங்கள் பள்ளியின் இசை ஆசிரியரையோ விளையாட்டு ஆசிரியரையோ சந்தித்து, அவருடைய ஒரு வாரப் பணியைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.
2. பாட இயலாத மாணவர் எனப் பட்டியலில் இடம்பெற்ற 17 பேருள் நீங்களும் ஒருவர் எனக் கொண்டு, உங்கள் ஆசிரியர் பாக்குக்கு ஒரு கடிதம் எழுதுக.